இரண்டில் ஒன்று அடங்கும் கணக்கு: ஊவாவின் தேயிலைச் செடியிலும் பெண்களின் குருதியிலும்

மனித உடலில் கருவைக் கொண்ட கலங்களில் பெரும்பாலானவற்றுள் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. குரோமோசோம் என்றும் வழங்கப்படும் இந்த நுண்ணிய இழைகளில்தான் உடலைக் கட்டவும் இயக்கவும் வேண்டிய புரதங்களை ஆக்குவதற்கான கட்டளைகள் பரம்பரை அலகுகளாக, அதாவது ஜீன்களாக, அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் 22 சோடிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. கடைசிச் சோடியில் மட்டும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களும், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும் அமைகின்றன. வை நிறமூர்த்தம் சிறியது. புரதங்களை ஆக்கும் ஜீன்கள் அதில் ஏறக்குறைய நூறுதான் இருக்கின்றன. எக்ஸ் நிறமூர்த்தத்திலோ அத்தகைய ஜீன்கள் 800க்கும் மேல் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண்மை பெண்மையோடு எவ்விதத் தொடர்பும் அற்றவை. குருதி உறைதல், நிறங்களைப் பிரித்தறிதல், தசையின் உறுதி, செங்குருதிக் கலத்தின் பாதுகாப்பு முதலிய, இரு பாலாருக்கும் ஒரே அளவில் தேவைப்படும் வேலைகளை அவை செய்கின்றன. அவ்வாறாயின் இரண்டு எக்ஸ் உடைய பெண்ணுடல் இந்தப் புரதங்களை எல்லாம் ஆணுடலைப் போல இரு மடங்காக ஆக்க வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை இரு பாலாரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே காணப்படுகின்றன.

இந்தச் சமநிலை தானாக வந்துவிடுவதில்லை, அது குலைந்தால் உயிர் எளிதில் தாங்குவதுமில்லை. ஜீன்களின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள விகிதமே உயிர்க் கலத்துக்கு முக்கியம். ஒரு குடத்துத் தேநீரைப் பாதியாகக் குறைக்க விரும்புபவர் நீர், தேயிலை, பால், சீனி ஆகிய அனைத்தையும் பாதியாக்கினால் சுவை மாறாது. சீனியை மட்டும் இரட்டித்தால் மாறிவிடும். மனித நிறமூர்த்தங்களுள் மிகச் சிறியதான 21ஆவது நிறமூர்த்தம், புரதங்களை ஆக்கும் இருநூறு சொச்சம் ஜீன்களையே தாங்கியிருந்தும், அதில் ஒரு பிரதி கூடுதலாக அமைந்துவிட்டால் டவுண் கூட்டறிகுறி ஏற்படுகிறது. அதைவிட நான்கு மடங்கு ஜீன்களைச் சுமக்கும் எக்ஸ், மனித குலத்தின் ஒரு பாதியினரிடம் ஒன்றாகவும் மறு பாதியினரிடம் இரண்டாகவும் இருந்தும் இருவரும் நலமாக வாழ்கின்றனர். இந்த ஏற்றத்தாழ்வை உடல் சரிசெய்துகொள்ளும் முறையையே மரபியலாளர்கள் அளவு ஈடுசெய்தல் என்கின்றனர்.

உயிரினங்கள் அனைத்தும் இதை ஒரே வழியில் செய்யவில்லை. பழ ஈக்களின் கண்ணிறத்தை ஆராய்ந்த ஹெர்மன் மல்லர், ஒரே ஒரு எக்ஸ் கொண்ட ஆண் ஈயில் ஒரு ஜீன் காட்டும் விளைவு, இரண்டு எக்ஸ் கொண்ட பெண் ஈயில் இரு பிரதிகள் சேர்ந்து காட்டும் விளைவுக்கு ஈடாக இருப்பதை 1930களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டினார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கண்முன் காட்டியவர்களுள் ஒருவர் வங்காளத்தைச் சேர்ந்த ஆசிஷ் சங்கர் முகர்ஜி. அவரும் ஜெர்மனியின் வொல்ஃப்காங் பேயர்மனும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பருத்த நிறமூர்த்தங்களைக் கதிரியக்கக் குறியீடு இட்டுப் பார்த்து, ஆணின் ஒற்றை எக்ஸ் பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் சேர்ந்து ஆக்கும் அளவுக்கு ஆர்.என்.ஏ.யை, அதாவது ஜீனின் கட்டளையைப் புரதத் தொழிலிடத்துக்குக் கொண்டு செல்லும் பிரதியை, தனியாகவே ஆக்கிவிடுவதைக் காட்டியது. முகர்ஜியிடம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுபாஷ் சந்திர லக்கோட்டியா பின்னர் வாரணாசியில் பணியாற்றிய காலத்திலும் இந்தத் துறையை வளர்த்தார். தெற்காசியர் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் அடங்குவர் என்பது பாடநூல்களில் அவ்வளவாகச் சொல்லப்படாதது வருந்தத்தக்கது. ஈ ஆணின் ஒன்றை இரட்டிக்க, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற புழு இரண்டு எக்ஸ்களையும் பாதிப் பாதியாகத் தணிக்கிறது. பாலூட்டிகள் மூன்றாவது வழியில் சென்றன; அதற்கு முன் தேயிலைச் செடியைப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பசறை, ஹாலிஎல, அப்புத்தளை மலைச்சரிவுகளில் நிற்கும் ஒரு செடியிலேயே இந்தக் கணக்குக்கு வேறு விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

தேயிலையின் இரண்டு இலைகளைப் பட்டிழையால் பிணைத்து, அவற்றின் நடுவே ஒளிந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு, ஹொமோனா கொஃபியாரியா என்னும் அந்துப்பூச்சியின் இளம் பருவம். இலங்கைத் தேயிலைத் தொழிலை ஒரு காலத்தில் வெகுவாக வருத்திய இப்பூச்சியைக் கட்டுப்படுத்துவதற்காகத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து தோட்டங்களில் விட்டது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழித்ததால் சேதம் பெருமளவு தணிந்தது. பிற்காலத்தில் வேறொரு பூச்சிக்காகத் தெளிக்கப்பட்ட டீல்ட்ரின் என்ற நஞ்சு குளவியையும் கொன்றபோது இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகியது. பூச்சிக் கட்டுப்பாட்டு வரலாற்றில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இச்செய்தி மலையகத்துக்கு உரியது.

அந்துப்பூச்சிகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் பால் நிறமூர்த்தங்களின் அமைப்பு மனிதரதுக்குத் தலைகீழானது. அவற்றில் ஆணுக்கே ஒரே வகையான இரண்டு நிறமூர்த்தங்கள் உள்ளன. அவை இசட் எனப்படுகின்றன. பெண்ணுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. எனவே இங்கு இரட்டிப்பு அபாயம் ஆணுக்கு உரியதாகிறது. பட்டுப்பூச்சியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதன் உள்வேலையை விளக்கியது. மாஸ்குலினைசர் என்ற ஒரு ஜீன், முளையத்தை ஆணாக வளரச் செய்வதோடு, ஆணின் இரண்டு இசட்களும் அளவுக்கு மீறி இயங்காதவாறு தணித்தும் வைக்கிறது. பெண்ணின் டபிள்யூவிலிருந்து பிறக்கும் சிறியதொரு ஆர்.என்.ஏ. துண்டு அந்த ஜீனின் கட்டளையை அழித்துவிடுவதால் பெண் பெண்ணாக வளர்கிறது. ஒரே ஜீன் பாலையும் தீர்மானித்து அளவையும் நிர்வகிப்பதால், அதில் கைவைக்கும் எதுவும் ஆணின் உயிரையே பறிக்கக்கூடியதாகிறது.

உண்மையில் அவ்வாறு கைவைக்கும் உயிர்கள் இருக்கின்றன. ஜப்பானின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் ஹொமோனா மக்னானிமா, ஊவாவின் இலைச்சுருட்டுப் பூச்சியோடு ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் தங்கி, தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் சில நுண்ணுயிர்கள் ஆண் சந்ததிகளை மட்டும் கொல்கின்றன. தாய்வழி மட்டுமே பரவும் நுண்ணுயிருக்கு ஆண் பயனற்றது. ஆண் குஞ்சுகள் மடிந்தால் அவற்றின் உணவு நுண்ணுயிரைச் சுமக்கும் பெண்களுக்குக் கிடைக்கும். இந்த அந்துப்பூச்சியில் ஆண்களைக் கொல்பவை வொல்பாக்கியா, ஸ்பைரோபிளாஸ்மா என்ற இரு பக்டீரியாக்களும் ஒரு வைரசுமாக மூன்று. 2023இல் வெளியான ஆய்வு இம்மூன்றையும் ஒப்பிட்டு, வொல்பாக்கியா மட்டுமே ஆண் முளையத்தின் அளவு ஈடுசெய்யும் ஏற்பாட்டைக் குலைக்கிறது என்றும், மற்ற இரண்டும் அதைத் தொடாமல் வேறு வழிகளில் கொல்கின்றன என்றும் காட்டியது. வொல்பாக்கியா தாக்கிய ஆணில் இசட் நிறமூர்த்தத்தின் சமநிலை தவறி முளையம் மடிகிறது. இரண்டை ஒன்றின் அளவுக்குத் தணித்து வைப்பது உயிர்வாழ்வுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அதே செடியின் தண்டுக்குள் மற்றொரு விடை இருக்கிறது. ஷொட் ஹோல் போரர் என்று தோட்டத் துறையினர் குறிப்பிடும் தண்டு துளைக்கும் சிறு வண்டு, கிளையைத் துளைத்துச் சுரங்கம் அமைத்து, அதன் சுவரில் பூஞ்சணத்தை வளர்த்து உண்கிறது. துளைபட்ட கிளை காற்றிலும் கொழுந்து பறிக்கும்போதும் முறிந்துவிடுகிறது. மேற்கூறிய டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது இந்த வண்டுக்காகத்தான். இதில் பால் நிறமூர்த்தங்களே இல்லை. கருக்கட்டிய முட்டையிலிருந்து இரட்டைத் தொகுதி நிறமூர்த்தங்களோடு பெண்ணும், கருக்கட்டாத முட்டையிலிருந்து ஒற்றைத் தொகுதியோடு ஆணும் பிறக்கின்றன. சிறியதாகவும் பறக்க இயலாததாகவும் உள்ள ஆண் தான் பிறந்த சுரங்கத்திலேயே தன் உடன்பிறந்த பெண்களோடு கூடி அங்கேயே வாழ்ந்து முடிகிறது. ஆணில் எல்லா நிறமூர்த்தங்களும் ஒரே சீராகப் பாதியாக இருப்பதால் ஜீன்களுக்கு இடையிலான விகிதம் குலைவதில்லை. ஒரு நிறமூர்த்தத்தை மட்டும் தனியாக உயர்த்தவோ தணிக்கவோ வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஜாவாவிலிருந்து வந்த குளவியும், தேனீயும், எறும்பும் இந்த வகையினவே.

இனி பாலூட்டிகளின் வழி. கனடாவில் முரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் 1949இல் பூனையின் நரம்புக் கலங்களை ஆராய்ந்தபோது, பெண் பூனையின் கலங்களில் மட்டும் கருவுக்குள் ஒரு கரிய புள்ளி தென்படுவதைக் கண்டனர். அது இறுகச் சுருண்டு கிடக்கும் ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் என்பதை சுசுமு ஓனோவும் அவருடைய சகாக்களும் 1959இல் தெளிவுபடுத்தினர். இங்கிலாந்தின் ஹார்வெல் என்னும் ஊரிலிருந்த ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளின் உரோம நிறத்தை ஆராய்ந்துவந்த மேரி லயன், 1961இல் சுருக்கமானதொரு கட்டுரையில் இவற்றை ஒன்றாக இணைத்தார். பெண் முளையம் மிக இளம் பருவத்தில் இருக்கும்போது அதன் கலம் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள இரண்டு எக்ஸ்களில் ஒன்றை முடக்கிவிடுகிறது. தாயிடமிருந்து வந்தது முடங்குமா தந்தையிடமிருந்து வந்தது முடங்குமா என்பது கலத்துக்குக் கலம் தற்செயலாக அமைகிறது. ஒரு முறை அமைந்த தெரிவு அக்கலத்திலிருந்து பிரிந்து பெருகும் எல்லாக் கலங்களுக்கும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கிறது. கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருப்பதற்குக் காரணம் இதுவே. செம்மஞ்சள் நிறத்துக்கான ஜீன் எக்ஸில் இருப்பதால், ஒரு திட்டில் அது இயங்குகிறது, அடுத்த திட்டில் முடங்கிக் கிடக்கிறது.

முடக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது 1991இல் கண்டறியப்பட்ட எக்ஸிஸ்ட் என்ற ஜீன். அது புரதம் எதையும் ஆக்குவதில்லை. அதிலிருந்து பிறக்கும் நீண்ட ஆர்.என்.ஏ. இழை, தான் பிறந்த எக்ஸின் மீதே நெடுகப் படர்ந்து, அதை மூடிச் சுருக்கும் புரதங்களை அழைத்து வருகிறது. ஆயினும் முடக்கம் முழுமையானதன்று. மனிதரில் எக்ஸ் ஜீன்களுள் சுமார் 15 சதவீதம் முடக்கத்துக்குத் தப்பி இரண்டு நிறமூர்த்தங்களிலிருந்தும் இயங்குகின்றன. ஓர் எக்ஸ் மட்டுமே உடைய டேர்னர் கூட்டறிகுறிப் பெண்களும், இரண்டு எக்ஸும் ஒரு வையும் உடைய கிளைன்ஃபெல்டர் கூட்டறிகுறி ஆண்களும் உடல்நலச் சிக்கல்களை எதிர்கொள்வதற்கு இந்தத் தப்பிய ஜீன்களின் கூடுதலும் குறைவும் முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றன.

மேரி லயனின் விளக்கம் மனிதருக்கும் பொருந்துவதை அடுத்த ஆண்டே மெய்ப்பித்தது ஒரு குருதி நொதியம்; ஊவா மாகாணத்தோடு இந்த அறிவியல் நெருங்கிப் பொருந்துவதும் அங்கேதான். குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி6பிடி என்ற அந்த நொதியம், ஒட்சியேற்றத்தால் ஏற்படும் சேதத்திலிருந்து செங்குருதிக் கலத்தைக் காக்கிறது. அதற்கான ஜீன் எக்ஸில் இருக்கிறது. அது பழுதுபட்டால் அன்றாட வாழ்வில் பெரும்பாலானோருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. சில மருந்துகளோ உணவுகளோ உள்ளே சென்றால் செங்குருதிக் கலங்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, கடும் குருதிச்சோகை ஏற்படுகிறது. உலகில் சுமார் 40 கோடிப் பேரிடம் உள்ளதாக மதிப்பிடப்படும் இக்குறைபாடு, மலேரியா நெடுங்காலம் நிலவிய நிலங்களிலேயே மிகுந்திருக்கிறது. அந்த நோய்க்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு அளித்ததால் அது நிலைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அமெரிக்காவில் எர்னஸ்ட் பொய்ட்லரும் அவருடைய சகாக்களும் 1962இல், பழுதுபட்ட ஜீனை ஓர் எக்ஸில் மட்டும் உடைய பெண்களின் குருதியில், நொதியம் நிறைந்த கலங்களும் நொதியம் குறைந்த கலங்களுமாக இரு வகைகள் கலந்திருப்பதைக் காட்டினர். ஒவ்வொரு கலமும் பாதியளவு நொதியத்தோடு இருப்பதில்லை; சில கலங்கள் முழு நலத்தோடும் சில முழுப் பழுதோடும் ஒரே நாளத்தில் ஓடுகின்றன.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்ற இரு மாவட்டங்களால் ஆனது. நமுனுகுல மலையின் 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உச்சியிலிருந்து சரியும் தேயிலைத் தோட்டங்கள், கீழே மகியங்கனையையும் வெல்லஸ்ஸவையும் சேர்ந்த வறண்ட சமவெளிகளில் முடிகின்றன. குளிர்ந்த உயர் மலைகள் மலேரியாவிலிருந்து பெரிதும் தப்பியிருக்க, தாழ்நிலங்கள் அதன் நிலையான உறைவிடமாக இருந்தன. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர். 1963இல் நோயாளிகள் நாடு முழுவதிலும் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்த மலேரியா, அறுபதுகளின் இறுதியில் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. நெடிய போராட்டத்தின் பின் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாகச் சான்றளித்தது. ஆனால் நோயைக் கடத்தும் நுளம்பு ஒழியவில்லை. 2018 டிசெம்பரில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் குருதியிலிருந்து உள்ளூர் நுளம்பு வழியாக ஓர் இலங்கையருக்கு வைவாக்ஸ் வகை மலேரியா தொற்றியது மொனராகலை மாவட்டத்திலேயே கண்டறியப்பட்டு, அங்கேயே தடுத்து நிறுத்தப்பட்டது.

வைவாக்ஸ் மலேரியாவின் கிருமி ஈரலுக்குள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. அந்த உறங்கும் கிருமியைக் கொல்லும் மருந்தான பிரிமாகுவின் வழக்கமாக 14 நாட்கள் கொடுக்கப்படுகிறது. ஜி6பிடி குறைந்தவரின் செங்குருதிக் கலங்களை உடைக்கும் மருந்தும் அதுவே. இந்தக் குறைபாட்டை 1956இல் அறிவியல் அடையாளம் கண்டதே பிரிமாகுவின் சிலருக்கு ஏன் தீங்கு செய்கிறது என்று தேடியபோதுதான். இந்தியாவில் இந்த ஜீனின் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா என்ற மாறுபட்ட வடிவங்கள் முக்கியமாகக் காணப்படுகின்றன. இலங்கையின் அனுராதபுரம், குருநாகல் மாவட்டங்களின் மக்களிடையே நடந்து 2017இல் வெளியான ஆய்வு, இரு மாவட்டங்களிலும் இக்குறைபாடு புறக்கணிக்க முடியாத அளவில் இருப்பதைக் காட்டியது. மலேரியா ஒழிந்த நாட்டில் இக்குறைபாட்டைப் பற்றி ஏன் அறிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டு நிகழ்வே போதிய விடை.

எக்ஸில் இருக்கும் குறைபாடுகள் ஆண்களின் நோய்கள் என்றும், பெண்கள் அவற்றைக் கடத்துபவர்கள் மட்டுமே என்றும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஜி6பிடியைப் பொறுத்தவரை இது திருத்தப்பட வேண்டிய கருத்து. கணக்கிட்டுக் காட்டுவதற்காக, ஒரு சமூகத்தில் நூறு எக்ஸ் நிறமூர்த்தங்களில் பத்து பழுதுபட்ட ஜீனைச் சுமப்பதாகக் கொண்டால், அங்கு நூறு ஆண்களில் பத்துப் பேருக்குக் குறைபாடு இருக்கும். பெண்களில் இரண்டு எக்ஸிலும் பழுதுள்ளவர் நூற்றுக்கு ஒருவரே. ஆனால் ஓர் எக்ஸில் மட்டும் பழுதுள்ளவர்கள் 18 பேர் இருப்பர். அதாவது அந்த ஜீனின் பாதிப்பை ஏதோ ஓர் அளவில் குருதியில் கொண்டிருக்கும் பெண்கள் ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கினர். அந்த 18 பெண்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எந்த எக்ஸ் முடங்குவது என்ற தெரிவு முளையத்தில் சில கலங்களே இருக்கும் பருவத்தில் நிகழ்வதால், ஒருவருக்கு நல்ல கலங்கள் பத்தில் எட்டாகவும், மற்றொருவருக்குப் பத்தில் இரண்டாகவும் அமையலாம். ஒரே ஜீன்களைக் கொண்ட இரட்டைச் சகோதரிகளிடையேகூட இந்த விகிதம் வேறுபடலாம். ஆகவே ஒரு பெண்ணின் குருதி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவருடைய ஜீனை வாசித்து மட்டும் சொல்லிவிட முடியாது. நொதியத்தின் அளவையே நேரடியாக அளக்க வேண்டும்.

இதில் பரிசோதனை முறையின் தெரிவு முக்கியமாகிறது. பரவலாகப் பயன்படும் எளிய பரிசோதனைகள் உண்டு அல்லது இல்லை என்ற விடையையே தருகின்றன. நொதியத்தின் செயற்பாடு சாதாரண அளவின் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழ் போனால்தான் அவை குறைபாடு என்று காட்டும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முழு நலத்திலோ அன்றேல் தெளிவான குறைவிலோ இருப்பதால் அவர்களுக்கு இந்த முறை பொருந்துகிறது. 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்களே. எளிய பரிசோதனை இவர்களை நலமுடையோர் என்றே அனுப்பிவைக்கும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுவின் என்ற புதிய மருந்து ஒரே வேளையில் கொடுக்கப்பட்டு வாரக்கணக்கில் உடலில் தங்குகிறது. பிரிமாகுவின் தீங்கு செய்யத் தொடங்கினால் அடுத்த நாள் அதை நிறுத்திவிடலாம். டஃபெனோகுவினை நிறுத்த வழியில்லை. அதனால்தான் நொதியத்தின் செயற்பாடு 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதை அளந்து உறுதிசெய்த பின்னரே அது கொடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. பதுளை, மொனராகலை வைத்தியசாலைகளில் அளவிட்டுக் காட்டும் பரிசோதனை எளிதில் கிடைப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, வசதியின் பாற்பட்டதன்று. மருந்தின் பாதுகாப்பே அதைச் சார்ந்திருக்கிறது.

மலேரியாவுக்கு அப்பாலும் இந்த நொதியம் வீட்டைத் தொடுகிறது. ஜி6பிடி குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் மஞ்சட்காமாலை கடுமையாக ஏற்படும் வாய்ப்பு கூடுதல். மேலும், பெட்டியில் வைக்கும் துணிகளுக்கிடையே பூச்சி அண்டாமல் போடப்படும் நாப்தலீன் உருண்டையின் ஆவியும் இத்தகைய குழந்தையின் செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடியது. நாப்தலீனோடு நெடுநாள் வைத்திருந்த துணியிலோ கம்பளியிலோ பச்சிளங்குழந்தையைச் சுற்றுவதைத் தவிர்ப்பதும், பிறந்த குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுவதும், குழந்தை ஆணாயினும் பெண்ணாயினும் கடைப்பிடிக்க வேண்டியவை.